துக்கம் கொடுக்கும் உரிமை: 'ப்ரிஸனர்ஸ்' படத்தை முன்வைத்து

1

லாக்கப் சாவு நடந்த ஊர்களுக்கெல்லாம் உண்மை அறியும் குழுவோடு போய்வருகிற நண்பர் ஒருவர். அடிபட்டவனின் முதுகை, உள்ளங்காலை, நகக்கண்ணைப் பார்த்துப் பார்த்துக் குறிப்பெழுதியவர். டெனி வில்நெவ் இயக்கி 2013இல் வெளிவந்த 'ப்ரிஸனர்ஸ்' படத்தை நாங்கள் நாலைந்து பேர் ஓர் அறையில் சேர்ந்து பார்த்தோம். படம் முடிந்து டீக்கடைக்கு வந்ததும் அவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "என்னத்தச் சொல்றது தோழர், எம் பொண்ணு காணாமப் போயிருந்தா நானும் அவனக் கட்டிவச்சு அடிச்சிருப்பேன்." யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் பதில் வரவில்லை. ஏனென்றால் படத்தின் முதல் ஒரு மணி நேரத்தில், 'அடி, இன்னும் ரெண்டு போடு, சொல்லிடுவான்' என்று உள்ளூர வேண்டிக்கொண்டிருந்தவன்தான் நானும்.

இந்தக் கட்டுரை அந்த டீக்கடை மௌனத்தைப் பற்றியது. சித்திரவதையை எதிர்ப்பதையே வேலையாகக் கொண்ட ஒருவரை, எதிர்ப்பதாக நம்பிக்கொண்டிருக்கும் நம்மை, ஒரு படம் இரண்டரை மணி நேரத்தில் அடிப்பவனின் பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது என்றால் அது எப்படி நடக்கிறது? துக்கம் அதற்கு எப்படிப் பயன்படுகிறது? மோசமான படம் என்று தள்ளிவிட்டுப் போகலாம்தான். ஆனால் இது மோசமான படமில்லை. அதனால்தான் பேச வேண்டியிருக்கிறது. முடிவைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றிப் பேச முடியாது. பார்க்காதவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2

கதை இதுதான். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் ஒரு சிறு நகரம். நவம்பர் மாதம், நன்றியறிதல் நாள். கெல்லர் டோவர் (ஹ்யூ ஜாக்மன்) வெள்ளையர். தச்சுவேலை, வீட்டுப் பழுதுவேலை செய்பவர். வேட்டை, ஜெபம், நிலவறை நிறைய அடுக்கிவைத்த உணவு டப்பாக்கள் என்று எந்த ஆபத்துக்கும் தயாராக இருக்கிற ஆள். பக்கத்தில் வசிக்கும் பர்ச் என்ற கறுப்பினக் குடும்பத்தின் வீட்டுக்கு விருந்துக்குப் போகிறார்கள். இரண்டு வீட்டுச் சின்னப் பெண்கள், ஆனாவும் ஜாயும், வெளியே போகிறார்கள். திரும்பவில்லை.

அந்தத் தெருவில் நின்றிருந்த பழைய வேனை ஓட்டிவந்த அலெக்ஸ் ஜோன்ஸ் (பால் டேனோ) பிடிபடுகிறான். வளர்ந்த உடம்பு, பத்து வயது அறிவு. தடயம் எதுவும் கிடைக்காததால் போலீஸ் விட்டுவிடுகிறது. கெல்லர் விடவில்லை. அவனைக் கடத்திக்கொண்டு போய், தற்கொலை செய்துகொண்ட தன் தகப்பன் விட்டுப்போன பாழடைந்த கட்டடத்தில் அடைத்துவைத்து அடிக்கிறார். அடித்துப் பார்த்தும் நடக்காதபோது, குளியலறையில் பலகைகளைச் சேர்த்து ஒரு பெட்டி மாதிரி அறைந்து, உள்ளே அவனை நிறுத்தி, கொதிக்கும் தண்ணீரையும் குளிர்ந்த தண்ணீரையும் மாற்றி மாற்றித் திறந்துவிடுகிறார். துப்பறியும் அதிகாரி லோக்கி (ஜேக் ஜில்லென்ஹால்) இன்னொரு பக்கம் சட்டப்படி தேடிக்கொண்டிருக்கிறார்.

கடைசியில் தெரிவது: குழந்தைகளை வைத்திருந்தது அலெக்ஸை வளர்த்த அத்தை, ஹோலி ஜோன்ஸ் (மெலிஸா லியோ). அவளுடைய மகன் புற்றுநோயில் இறந்துபோனான். அதற்குப் பிறகு அவளும் அவள் புருஷனும் கடவுள்மேல் போர் தொடுத்தார்கள். பிள்ளைகளைத் தூக்கினால் பெற்றவர்கள் நம்பிக்கை இழப்பார்கள், பேயாக மாறுவார்கள். இதுதான் அவர்கள் போர்முறை. அலெக்ஸோ அலெக்ஸே இல்லை. 26 வருஷங்களுக்கு முன் அவர்கள் முதன்முதலில் தூக்கிய பிள்ளை அவன். சொந்தப் பெயரையே மறக்கவைத்து வளர்த்திருக்கிறார்கள்.

அதாவது, தொலைந்துபோன பிள்ளையைத் தேடுகிற தகப்பன், தொலைந்துபோன ஒரு பிள்ளையைத்தான் அத்தனை நாளும் அடித்துக்கொண்டிருந்தான்.

3

துக்கத்துக்கு ஒரு உடல் வேண்டும். நம் இலக்கண நூல்கள் கையறுநிலை என்ற துறையை வகுத்தபோது இறந்தவனை முன்வைத்தே வகுத்தன. ஒப்பாரியும் அப்படித்தான், பிணத்தைச் சுற்றி உட்கார்ந்தால்தான் குரல் எழும்பும். செத்தானா இருக்கிறானா என்று தெரியாதவனுக்கு ஒப்பாரி வைத்தால், 'வாய வச்சுக் கொல்லாத' என்று சொந்தக்காரர்களே அடக்கிவிடுவார்கள்.

1917இல் வெளியான 'துக்கமும் மனச்சோர்வும்' கட்டுரையில் ஃப்ராய்ட் துக்கத்தை ஒரு வேலையாகப் பார்க்கிறார். நேசித்தவர் இனி இல்லை என்று யதார்த்தம் சொல்லிக்கொண்டே இருக்கிறது; மனம் அதை ஏற்காமல் மல்லுக்கட்டி, கடைசியில் ஒவ்வொரு நினைவாகப் பிடியை விடுகிறது. இந்த வேலை நடப்பதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. 'இல்லை' என்று யதார்த்தம் சொல்ல வேண்டும். காணாமற்போன பிள்ளை விஷயத்தில் யதார்த்தம் வாயே திறப்பதில்லை. வியட்நாம் போரில் காணாமற்போன சிப்பாய்களின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்த பாலின் பாஸ் இதற்குத் 'தெளிவற்ற இழப்பு' என்ற பொருளில் ஒரு கருத்தாக்கத்தை உருவாக்கினார். இருப்பும் இல்லாமையும் ஒரே நேரத்தில் வீட்டில் குடியிருக்கும் நிலை அது. சாப்பாட்டுத் தட்டை எடுத்துவைப்பதா வேண்டாமா என்பதே அங்கே தீராத பிரச்சினை.

படத்தில் இந்த நிலைக்குப் பல முகங்கள் இருக்கின்றன. கெல்லரின் மனைவி மாத்திரை போட்டுக்கொண்டு படுக்கையை விட்டு எழாமல் கிடக்கிறாள். 26 வருஷம் முன்பு மகனைத் தொலைத்த கிழவி பழைய வீடியோ நாடாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சின்ன வயதில் தூக்கிச் செல்லப்பட்டுத் தப்பித்து வளர்ந்த ஒருத்தன் கடைகளில் குழந்தைத் துணி வாங்கி, பன்றி ரத்தம் பூசிப் பெட்டிகளில் அடைத்து வைக்கிறான். தனக்கு நடந்ததைத் தானே மறுபடி மறுபடி நடத்திப் பார்க்கிறான். இவர்களுடைய துக்கம் கதையை நகர்த்துவதில்லை. நகர்த்துவது கெல்லரின் துக்கம் மட்டும்தான். காரணம், அவர் மட்டுமே துக்கத்தைச் செயலாக, செயலை வன்முறையாக மாற்றுகிறார். துக்கப்படுவது பெண்ணுக்கும் பைத்தியத்துக்கும், துக்கத்தைத் தீர்ப்பது ஆணுக்கு என்று த்ரில்லர் ஒரு வேலைப்பிரிவினை செய்து வைத்திருக்கிறது.

4

த்ரில்லர் என்ற வடிவத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். அதற்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். நேரம் ஆக ஆகப் பிள்ளை உயிரோடு கிடைக்கும் வாய்ப்பு குறைகிறது என்று யாராவது சொல்லிவிடுவார்கள். இந்தக் கடிகாரம் நமக்குப் பழக்கமானதுதான். எங்கேயோ குண்டு வைத்திருக்கிறார்கள், இடம் தெரிந்தவன் உன் கையில் இருக்கிறான், அடிப்பாயா மாட்டாயா என்று 2001க்குப் பிறகு அமெரிக்காவில் தொலைக்காட்சித் தொடரிலிருந்து சட்டப் பேராசிரியர் வரை எல்லோரும் கேட்ட கேள்வி அது. 2004இல் அபு கிரைப் சிறைப் படங்கள் வெளியானபோது அந்தக் கேள்வி நடைமுறையில் எப்படி இருக்கும் என்று உலகம் பார்த்தது. எந்தச் சூழ்நிலையும், போர் உட்பட, சித்திரவதைக்கு நியாயமாகாது என்று 1984ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை சொல்வது இந்தக் கடிகாரத்தை மனதில் வைத்துத்தான்.

கடிகாரம் மட்டும் நம்மை மாற்றிவிடாது. வில்நெவ் இன்னொன்றும் செய்கிறார். அலெக்ஸ் விடுதலையாகி வெளியே வரும்போது கெல்லர் பாய்ந்து அவன் சட்டையைப் பிடிக்கிறார். அப்போது அவன் முணுமுணுக்கிறான்: நான் விட்டுட்டுப் போகிறவரைக்கும் அவங்க அழவில்லை என்கிற மாதிரி. பக்கத்தில் நிற்கும் போலீஸ்காரர்களுக்கு அது கேட்பதில்லை. கெல்லருக்குக் கேட்கிறது, நமக்கும் கேட்கிறது. பிறகு காணாமற்போன குழந்தைகள் பாடிய பாட்டை அவன் முனகுவதும் கெல்லருக்கும் நமக்கும் மட்டும் கேட்கிறது. இந்த இடத்தில்தான் நாம் மாட்டிக்கொள்கிறோம். சட்டத்துக்குத் தெரியாத சாட்சியத்தை நம் காதில் போட்டு, கெல்லருடைய நிச்சயத்தை நம்முடைய நிச்சயமாக ஆக்கிவிடுகிறது பிரதி. அதற்குப் பின் விழும் ஒவ்வொரு அடிக்கும் நாமும் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள்.

அலெக்ஸ் சொன்னது பொய்யல்ல. குழந்தைகளை அவனுக்குத் தெரியும், அழுததும் தெரியும். சித்திரவதைக்கு நடுவிலும் அவன் உண்மைதான் பேசுகிறான்: தான் அலெக்ஸ் இல்லை என்கிறான், ஒரு புதிர்வழியைப் பற்றிச் சொல்கிறான். வழக்கை முடிக்கத் தேவையான இரண்டு உண்மைகளும் அவை. கெல்லருக்கு அவை காதில் ஏறவில்லை. 'எங்கே?' என்ற ஒரே கேள்விக்கு விடையில்லாத எல்லாமே அவருக்குப் பொய். எலெய்ன் ஸ்கேரி 1985இல் வெளியான 'வலியில் உடல்' என்ற தன் நூலில், சித்திரவதையில் கேட்கப்படும் கேள்வி தகவலுக்காகக் கேட்கப்படுவதில்லை என்று வாதிடுகிறார். அது அடிப்பவனுக்கு ஒரு காரணத்தைக் கொடுக்கிறது; அடிபடுபவனின் குரலையும் உலகத்தையும் அழிக்கிறது. அலெக்ஸின் முகம் வீங்கி ஒரு கண்ணும் வாயும் மட்டும் தெரியும் காட்சியில் ஸ்கேரியின் வாதம் கண்ணெதிரே நிற்கிறது. பேசினாலும் கேட்க ஆளில்லாத வாய் அது.

ஜாய் தானாகத் தப்பித்து வருகிறாள். ஆனா இருக்கும் இடம் லோக்கிக்கு ஹோலியின் வீட்டில் ஒரு போட்டோவைப் பார்க்கும்போது பிடிபடுகிறது. அடி எந்த விலாசத்தையும் கொடுக்கவில்லை. 'அலெக்ஸை அடைத்துவைத்ததால்தானே, அவன் கிடைத்துவிட்டான் என்று சொல்ல லோக்கி அந்த வீட்டுக்குப் போனார்?' என்று ஒருவர் கேட்கலாம். கேட்கிற மாதிரித்தான் படமும் முடிச்சுப் போட்டிருக்கிறது. சித்திரவதை பயனற்றது என்று காட்டிக்கொண்டே, அது முழுக்க வீண்போகவில்லை என்றும் ஒரு ஓரத்தில் ஆறுதல் வைத்திருக்கிறது. இந்த இரட்டை நாக்கைக் கவனிக்க வேண்டும்.

பர்ச் தம்பதி விஷயமும் இதோடு சேர்ந்தது. முதலில் பிராங்க்ளின் (டெரன்ஸ் ஹோவர்ட்) கைநடுங்கக் கெல்லருக்கு உதவுகிறார். அவர் மனைவி நான்சி (வயோலா டேவிஸ்) வந்து பார்க்கிறாள். இரக்கப்படுகிறாள், கெஞ்சிக் கேட்கிறாள். பிறகு ஒரு முடிவுக்கு வருகிறாள்: நாம் உதவவும் வேண்டாம், தடுக்கவும் வேண்டாம். படத்திலேயே என்னை அதிகம் தொந்தரவு செய்த இடம் இது. கெல்லர் மாதிரி ஆட்கள் குறைவு. நான்சியின் இடத்தில்தான் நாமெல்லோரும் இருக்கிறோம். லாக்கப்பில் அடி விழும் சத்தம் தெருவுக்குக் கேட்கிறபோது, திருடியிருப்பான் என்று நடையை எட்டிப்போடுகிற ஊர் இருக்கிற இடமும் அதுதான்.

5

படம் அமெரிக்காவில் நடக்கிறது. காணாமற்போன குழந்தை அங்கே ஒரு பொது பிம்பமாக உருவானதற்கு ஒரு வரலாறு உண்டு. 1979 மே 25 அன்று நியூயார்க்கில் பள்ளிப் பேருந்துக்கு நடந்துபோன ஆறு வயதுச் சிறுவன் காணாமற்போனான். 1983இல் அந்த நாளைக் காணாமற்போன குழந்தைகளுக்கான தேசிய நாளாக ரீகன் அறிவித்தார். 1984இல் அயோவா மாநிலப் பால் நிறுவனங்கள் காணாமற்போன சிறுவர்களின் படங்களைப் பால் அட்டைப்பெட்டிகளில் அச்சிட ஆரம்பித்தன. அந்த வழக்கம் நாடெங்கும் பரவியது. காலையில் பால் ஊற்றும் ஒவ்வொரு தாயும், யாரென்றே தெரியாத ஒருவன் தன் பிள்ளையைத் தூக்க வருகிறான் என்று பயந்தாள். அமெரிக்க அரசின் ஆய்வு 1999ஆம் ஆண்டைப் பற்றிச் சொல்லும் கணக்கு வேறு. காணாமற்போனதாகப் புகார் பதிவான சிறார்கள் ஏறத்தாழ 8 லட்சம். அந்நியன் தூக்கிக்கொண்டுபோய் மறைத்துவைக்கும் அந்த 'அச்சு அசல்' கடத்தல்கள் சுமார் 115. மிச்சமெல்லாம் வீட்டை விட்டு ஓடியவர்கள், பெற்றோர் சண்டையில் ஒருவர் தூக்கிப்போனவர்கள், வழி தவறியவர்கள், தகவல் குழப்பங்கள். ஆபத்து பெரும்பாலும் வீட்டுக்குள் இருக்க, பயம் முழுக்கத் தெருவில் நின்ற வேனைப் பார்த்து வளர்ந்தது. 'ப்ரிஸனர்ஸ்' அந்த வேனிலிருந்துதான் தொடங்குகிறது.

பால்பெட்டிக்கு வராத முகங்களும் உண்டு. 1979 கோடையிலிருந்து 1981 வரை ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா நகரில் கறுப்பினக் குழந்தைகளும் இளைஞர்களும் ஒருவர்பின் ஒருவராகக் காணாமற்போய்ப் பிணமாகக் கிடைத்தார்கள். குறைந்தது 28 பேர். ஏழை வீட்டுப் பிள்ளைகள். தெருவில் திரிகிற பிள்ளைகள், ஓடிப்போயிருப்பார்கள் என்று தொடக்கத்தில் காவல்துறை அசட்டையாக இருந்தது. 1980இல் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் சேர்ந்து ஓர் அமைப்பு உண்டாக்கினார்கள். இந்தக் கொலைகளையெல்லாம் ஒன்றாக வைத்துப் பாருங்கள் என்று அவர்கள் கத்திய பிறகுதான் நகரம் திரும்பிப் பார்த்தது. 1982இல் ஒரு கறுப்பின இளைஞருக்கு, வளர்ந்த ஆண்கள் இருவரைக் கொன்றதற்காக ஆயுள்தண்டனை கிடைத்தது. குழந்தைகளின் வழக்குகளில் பெரும்பாலானவற்றையும் போலீஸ் அவர் கணக்கிலேயே எழுதி மூடியது. எந்தக் குழந்தையின் கொலைக்காகவும் அவர்மீது விசாரணை நடக்கவில்லை. 2019இல் நகர மேயர் பழைய தடயங்களை மறுபடி சோதிக்கப்போவதாக அறிவிக்க வேண்டி வந்தது.

ஜேம்ஸ் பால்ட்வின் இதைப் பற்றி 1985இல் ஒரு நூல் எழுதினார். அட்லாண்டாவில் வாழ்ந்த டோனி கேட் பம்பாரா பல வருஷம் உழைத்து எழுதிய நாவல் அவர் இறந்த பிறகு, 1999இல், டோனி மாரிசன் செம்மையாக்கத்தில் வெளிவந்தது. 'அந்த எலும்புகள் என் பிள்ளையல்ல' என்பது அதன் தலைப்பின் பொருள். அதிலும் காணாமற்போன மகன், தேடுகிற தாய் தகப்பன். ஆனால் தேடல் ஒரு கட்டடத்துக்குள் அடைபட்டுக் கிடப்பதில்லை. அக்கம்பக்கத்தார், பழைய சிப்பாய்கள், கூட்டங்கள், துண்டறிக்கைகள், அதிகாரிகளோடு வாக்குவாதம் என்று நகரம் முழுக்க விரிகிறது. மகன் திரும்பி வந்த பிறகும் கேள்விகள் தீர்வதில்லை.

'ப்ரிஸனர்ஸ்' படமாக்கப்பட்டது பென்சில்வேனியாவில் அல்ல. ஜார்ஜியாவில், இதே அட்லாண்டா வட்டாரத்தில். படத்தில் ஒரு கறுப்பினக் குழந்தையும் காணாமற்போகிறாள். ஆனால் அவள் பெற்றோருக்கு அந்த மண்ணின் நினைவு எதுவும் கொடுக்கப்படவில்லை. வெள்ளைக்காரத் தகப்பனின் சித்திரவதையைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த வேலை. கறுப்பு உடல்மேல் ஏவப்பட்ட கும்பல் வன்முறையின் வரலாறு தெரிந்த நான்சி ஒரு அப்பாவியைக் கட்டிவைத்த அறையில் நிற்கும்போது அவள் மனதில் என்ன ஓடியிருக்கும்? படத்துக்கு அது தேவைப்படவில்லை.

6

ஹோலிக்கு வருவோம். தீமையின் ஊற்று எது என்று படம் தேடிப்போய்க் கண்டெடுப்பது இன்னொரு துக்கத்தை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் பிள்ளைகளைப் பறிக்கிறாள். அவளால் பறிகொடுத்த தகப்பன் ஒரு பிள்ளையைச் சிதைக்கிறான். ஹோலிக்கும் கெல்லருக்கும் நடுவில் ஒரே ஒரு கண்ணாடிதான் இருக்கிறது. ஜெபத்தில் மன்னிப்பைப் பற்றிய வரியில் கெல்லரின் நாக்கு இடறும்போது, ஹோலியின் போர் வென்றுகொண்டிருக்கிறது என்று நமக்குப் பின்னால் புரிகிறது. துக்கம் மனிதனைப் புனிதப்படுத்திவிடும் என்ற சினிமாப் பொய்யை இந்த அளவுக்கு உடைத்த வெகுஜனப் படங்கள் குறைவு. இதற்காகவே படத்தை மதிக்கிறேன்.

ஆனால் படம் அங்கேயே நின்றுவிடுகிறது. துக்கம் இரண்டு வீடுகளுக்கு இடையிலான விவகாரம், அதற்குமேல் கடவுள் என்று முடித்துக்கொள்கிறது. துக்கத்துக்குத் தெருவும் உண்டு என்பதை அறியாததுபோல் இருக்கிறது. 1977இல் புவனோஸ் ஐரிஸ் நகரின் மே சதுக்கத்தில் கூடிய தாய்மார் யாரையும் கடத்தி அடிக்கவில்லை. எங்கள் பிள்ளைகள் எங்கே என்று அரசாங்கத்தைக் கேட்டுச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். கெல்லர் கேட்டதும் அவர்கள் கேட்டதும் ஒரே கேள்வி. கெல்லர் தன்னைவிட பலவீனமானவனை மூலையில் தள்ளிக் கேட்டார். அவர்கள் தங்களைவிடப் பலம் வாய்ந்ததன் முகத்துக்கு நேராகக் கேட்டார்கள்.

தமிழில் 'காணாமல் போனான்' என்கிறோம். அது தன்வினை; போனவனே எழுவாய். ஏதோ அவனாகக் கிளம்பிப் போனது மாதிரி. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்த தாய்மார் அந்தச் சொல்லை ஏற்கவில்லை. அவர்கள் சொல்வது 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்'. ஆக்கப்பட்டார் என்றதும், ஆக்கியது யார் என்ற கேள்வி இலக்கணத்திலேயே வந்து நிற்கிறது. ஒரு வினைச்சொல்லைத் திருத்தித் துக்கத்தை வழக்காக மாற்றியிருக்கிறார்கள். கெல்லரும் 'யார்' என்றுதான் தொடங்கினார். ஆனால் கையில் கிடைத்தவனே விடை என்று முடிவுகட்டினார்.

துக்கம் எவருக்கும் அடிக்கிற உரிமையைக் கொடுப்பதில்லை. கேட்கிற உரிமையைக் கொடுக்கிறது. கேட்டுக்கொண்டே இருக்கிற உரிமையை. அந்த உரிமையை நாம் பொதுவில் வைத்துக் காப்பாற்றாமல் தகப்பனையும் தாயையும் தனியே விட்டுவிட்டால், அவர்களுக்கு மிஞ்சுவது அந்தப் பாழடைந்த கட்டடம்தான்.

கடைசிக் காட்சியில் கெல்லர், ஹோலி வீட்டு முற்றத்தில் மண்ணுக்கடியில் ஒரு குழியில் கிடக்கிறார். அவரும் இப்போது காணாமற்போனவர். மகளின் சிவப்பு விசில் ஒன்று கையில் கிடைக்கிறது, ஊதுகிறார். மேலே லோக்கிக்கு லேசாக ஏதோ கேட்கிறது. ஒருதரம் அசட்டை செய்து, மறுபடி காது கொடுக்கிறார். படம் அங்கே அறுந்துவிடுகிறது.

டீக்கடையில் சொல்ல வராத பதிலை நண்பருக்கு இப்போது சொல்லலாம் என்று தோன்றுகிறது. உங்கள் பெண் காணாமற்போயிருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது தோழர். அப்படி ஒரு நாள் வந்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் தெரிகிறது. உங்களோடு தேட வர வேண்டும். ஸ்டேஷன் வாசலில் உங்களோடு உட்கார வேண்டும். உங்கள் கை ஓங்கும்போது அதைப் பிடித்துக்கொள்ளவும் வேண்டும். உதவவும் மாட்டோம், தடுக்கவும் மாட்டோம் என்று மட்டும் நின்றுவிடக் கூடாது.